சட்டமா, சாம்ராஜ்யமா?

கேள்வி: கடாரம் வென்ற ராஜேந்திரன், குடவோலை விதி கண்ட பராந்தகன்: யாருடைய கீர்த்தி பெரிது? (ஒரு வாசகர், சிவகாசி)

பதில்: வாணம் செய்யும் ஊரார் கேட்கவேண்டிய வினாதான்! 1025-இல் கடல் கடந்து கடாரம் கொண்டது, உலகமே அண்ணாந்து பார்த்த வாணவேடிக்கை. அந்தப் பெருமிதம் எனக்கும் உண்டு. எனினும், அதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே, 919-லும் 921-லும், பராந்தகன் ஆட்சியில், சபைப் பொறுப்பில் இருந்தும் கணக்குக் காட்டாதவனும் அவனுடைய உறவினரும் குடவோலைத் தேர்தலுக்கு உரியரல்லர் என்று உத்தரமேரூர்ச் சபையார் சுவரிலே பொறித்துவைத்த நியதியையே நான் பெரிதென்பேன். மணிமருந்து கலக்கும் அறையில் இத்தனை பேருக்கு மேல் கூடாதென்று உங்கள் ஆலைச் சுவரில் எழுதியிருக்கிறதே, அந்த ஒரு வரியை மதிப்பதனால் அல்லவா, கையில் வெள்ளிப்பொடி மினுங்க, தகப்பன் மாலையில் வீடு திரும்புகிறான்?