தூரிகை எழுத்து

கே: தூரிகையால் சும்மா கிறுக்கியது போன்ற ஆங்கில எழுத்துருவுக்கு டிசைனர் எதற்கு? நான் கிறுக்கினால் ஆகாதா?

ப: தாராளமாக! ஆனால், உங்கள் 'ஏ' எந்த எழுத்துக்குப் பக்கத்தில் நின்றாலும் வால் ஒட்டுமா? பிரான்சின் ரோஜே எக்ஸ்கோஃபோன் தன் கையெழுத்தை வைத்தே 'மிஸ்ட்ரால்' எழுத்துருவை உருவாக்கினார். 1953-இல் மார்சே நகரத்து ஒலிவ் வார்ப்பகம் அதை வெளியிட்டது. கணினி இல்லாத காலம். தனித்தனி உலோக அச்சுகளைக் கோத்தால், தாளில் ஒரே இழுப்பில் எழுதியது போல விழும். சும்மா வந்ததா அது?

கே: கல்யாணப் பத்திரிகை முழுவதையும் 'பிரஷ் ஸ்கிரிப்ட்'டில் அடிக்கலாமா?

ப: மண்டபத்தின் விலாசம் யாருக்கும் தெரிய வேண்டாமென்றால் அடிக்கலாம். 1942-இல் வந்த அந்த எழுத்துரு தலைப்புக்கும் விளம்பரத்துக்கும்தான் அழகு. மணமக்கள் பெயரோடு நிறுத்துங்கள்.

கே: கடைப் பலகை கையால் எழுதியதா, கணினியில் அடித்ததா... எப்படிக் கண்டுபிடிப்பது?

ப: ஆங்கிலத்தில் 'காபி' என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். இரண்டு 'எஃப்', இரண்டு 'ஈ'. இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் போல அச்சு அசலாக இருந்தால், கணினி! அது தெரியாமலிருக்க, நல்ல எழுத்துருவில் ஒரே எழுத்துக்கு இரண்டு மூன்று வடிவங்கள் வைத்து, மாற்றி மாற்றிப் போடுவார்கள். எழுத்துருவைக் காசு கொடுத்து வாங்குமுன் இந்த வசதி இருக்கிறதா என்று கேளுங்கள்.