குப்பைத்திணை: ஜெர்மனியில் மாணவர் நிலைபெறுதல் குறித்த ஓர் இலக்கண ஆராய்ச்சி

தமிழ்நாட்டிலிருந்து மேற்படிப்புக்காக ஜெர்மனி செல்லும் மாணவர் எந்த நாளில் அந்நாட்டில் நிலைபெற்றவர் ஆகிறார் என்னும் வினாவுக்கு இதுவரை மூன்று விடைகள் கூறப்பட்டு வருகின்றன. மூன்றும் பொருந்தாதவை என்பதும், நிலைபேற்றை அளக்கத்தக்க கருவி குப்பைத்தொட்டி ஒன்றே என்பதும் இக்கட்டுரையின் துணிபு. நிலைபேறு என்னும் சொல் ஈண்டு, யாரையும் வழி கேளாமலும் யாராலும் கண்டிக்கப்படாமலும் ஒரு முழு வாரத்தைக் கழிக்கவல்ல நிலையைக் குறிக்கும்.

முதல் விடை ஆவணக் கொள்கையினருடையது. குடிபுகுந்த இரண்டு வாரங்களுக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிந்துகொள்ளும் அன்மெல்டுங் என்னும் சடங்கு முடிந்து, மருத்துவக் காப்பீடு கிடைத்து, பிளாக்டு அக்கவுண்ட் எனப்படும் முடக்கக் கணக்கிலிருந்து (2024 செப்டம்பர் முதல் இதில் ஆண்டுக்கு 11,904 யூரோ காட்டவேண்டும்) முதல் மாதத் தொகையான 992 யூரோ கைக்கு வந்துவிட்டால் மாணவர் நிலைபெற்றார் என்பது அவர்கள் வாதம். வீட்டுக்காரர் வங்கிக் கணக்கைக் கேட்க, வங்கி முகவரிப் பதிவைக் கேட்க, பதிவு அலுவலகம் வீட்டுக்காரரின் கையெழுத்தைக் கேட்க, இம்மூன்றுக்கும் இடையே சுற்றிவருபவரைச் சுற்றுபவர் எனலாமே தவிர நிலைத்தவர் எனல் சொற்குற்றம். இரண்டாம் விடை மொழிக் கொள்கை. பி1 நிலைத் தேர்வில் தேறியவர் ஷ்டுட்கார்ட் ரொட்டிக்கடையில் ஷ்வேபிய வட்டார வழக்கை முதன்முறை கேட்கும்போது அக்கொள்கை தானே விழுந்துவிடுவதால் அதை மறுக்க வேண்டிய தேவையில்லை. மூன்றாவது ரசப்பொடிக் கொள்கை; அஃதாவது, ஊரில் உள்ள ஈழத்தமிழர் கடையைக் கண்டுபிடித்துக் கறிவேப்பிலையும் இட்லி அரிசியும் வாங்கிவரும் நாளே நிலைபேற்று நாள் என்பது. இது பிழையிலும் இனிய பிழை. எனினும் அங்கே நிலைபெறுவது சமையலறையே, மாணவர் அல்லர்.

இனி, குப்பையை அகப்பொருள் இலக்கண முறைப்படி முதல், கரு, உரி என மூன்றாகப் பகுத்துக் காணலாம். முதற்பொருளாவது நிலமும் பொழுதும். நிலம், குடியிருப்பின் பின்முற்றம். பெரும்பொழுது, எந்தத் தொட்டியை எந்த நாளில் வண்டி வந்து எடுக்கும் என நகராட்சி வெளியிடும் குப்பை நாட்காட்டி. சிறுபொழுது, வண்டி வருவதற்கு முந்தைய இரவு. கருப்பொருளுள் தெய்வம், ஹவுஸ்மைஸ்டர் எனப்படும் கட்டடக் காப்பாளர். புள், மஞ்சள் பையைக் கொத்திக் கிழிக்கும் காகம். உரிப்பொருள், தொட்டி மூடியைத் திறந்துவிட்டுக் கையில் பொருளுடன் நிற்றலும் நிற்றல் நிமித்தமும்.

திணைகள் பொதுவாக நான்கு. தாளுக்கு ஒன்று, காய்கறித் தோல் முதலிய மட்குவனவற்றுக்குப் பயோ என ஒன்று, பொதிந்துவந்த பிளாஸ்டிக், தகரம் ஆகியவற்றுக்கு மஞ்சள் நிறத்தில் பையாகவோ தொட்டியாகவோ ஒன்று, எதிலும் சேராதவற்றுக்கு எஞ்சியது என ஒன்று. இவற்றுள் மஞ்சள் திணை, பொட்டலப் பொருளைத் தயாரித்தவரே அதன் கழிவுக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்று 1991இல் வந்த ஆணையின் வழிப் பிறந்தது. திணைமயக்கம், அதாவது ஒரு திணைக்குரியது மற்றொன்றில் கலத்தல், செய்யுளில் விலக்கப்படவில்லை. ஜெர்மானியத் தொட்டியிலோ அதற்கு இடமே இல்லை. பிழையாக நிரப்பிய பை, எடுத்துச்செல்லப்படாமல், கண்டன ஒட்டுத்தாளுடன் தெருவில் கிடந்து உரியவரைத் தேடும்.

மயக்கம் தரும் பொருள்கள் பல. கடை ரசீது தாள்போல் தோன்றினும், வெப்பத்தால் எழுத்துத் தோன்றும் பூச்சுடைய தாளாதலின் எஞ்சியதில் சேரும். எண்ணெய் ஊறிய பீட்சா அட்டையும் அவ்வாறே. உடைந்த கண்ணாடித் தம்ளர், கண்ணாடியாயிருந்தும் கண்ணாடித் தொட்டிக்கு உரியதன்று. ஏனெனில் குடிக்கும் தம்ளரின் கலவையும் பாட்டிலின் கலவையும் உருகும் வெப்பத்தில் வேறுபடும். சப்பிப்போட்ட முருங்கைக்காய்ச் சக்கை பயோ என்பதில் ஆசிரியர்களிடையே வேறுபாடு இல்லை. முந்தாநாள் சாம்பாரோ, சமைத்த உணவைப் பயோவில் ஏற்கும் ஊர், ஏற்காத ஊர் என இரண்டும் இருத்தலால், ஊர் மாறினால் திணையும் மாறும் தன்மையது. தொட்டியின் நிறமும் ஊருக்கு ஊர் மாறும் என்பதைப் புதிதாய் வந்தவரிடம் முதல் வாரத்திலேயே கூறுவது இரக்கமற்ற செயல்.

இவை அனைத்திலும் நுண்ணியது தயிர்க்கோப்பை. அதன் அலுமினிய மூடியை முழுதும் கிழித்துப் பிரித்து, மேலே சுற்றிய அட்டையைக் கழற்றித் தாளில் இட்டு, கோப்பையையும் மூடியையும் ஒன்றனுள் ஒன்று திணிக்காமல் மஞ்சளில் இடவேண்டும். இல்லையெனில் பிரிக்கும் இயந்திரம் அவற்றை ஒரே பொருளாகக் கருதி ஏமாறும். கழுவவேண்டுமா எனின், வேண்டா. கரண்டியால் வழித்த அளவு சுத்தம் போதும் என்பதே விதி. பால் கவரைக் கழுவிக் காயவைத்துப் பழைய பேப்பர்காரருக்கு எடுத்துவைக்கும் வீட்டில் வளர்ந்தவருக்கு இவ்விதி ஒழுக்கக்கேடாகத் தோன்றும். மேலும், மூடியுள்ள டப்பா எதுவாயினும் அது கழிவன்று, அரைத்த மாவுக்கும் தொக்குக்கும் உரிய பாத்திரம் என்பது அவருடைய மரபு. பலர் ஒன்றாய்த் தங்கும் வேகே என்னும் பகிர்வு வீட்டில், உடன் வசிக்கும் ஜெர்மானியர் குளிர்பெட்டியைத் திறந்து ஐஸ்கிரீம் டப்பாவை ஆவலுடன் எடுத்து, உள்ளே தோசை மாவைக் காணும் நிகழ்ச்சி இரு மரபுகள் மோதும் இடமாகும்.

அடுத்து பாட்டில். இது குப்பையா பணமா என்னும் ஐயமே நிலைபேற்றின் திறவு. ஜெர்மனியில் 2003 ஜனவரி 1 முதல், ஒருமுறை பயன்படுத்தும் பான பாட்டில்களுக்கும் டின்களுக்கும் ஃபாண்ட் எனும் வைப்புத்தொகை வாங்கும்போதே வசூலிக்கப்பட்டு, வெறுங்கலத்தைக் கடையிலுள்ள இயந்திரத்தில் இடும்போது திருப்பித் தரப்படுகிறது. இன்று அது 25 சென்ட். மீண்டும் நிரப்பும் பாட்டில்களுள் பீருக்குரியது பெரும்பாலும் 8 சென்ட், மற்றவை பல 15 சென்ட்; திராட்சைமது பாட்டிலுக்குப் பொதுவாக ஒன்றுமில்லை. மலிவுக் கடைகளில் அரை லிட்டர் நீரின் விலையைவிட அதன் ஃபாண்ட் கூடுதலாயிருத்தலும் உண்டு. அந்நீரும் குமிழி நீராயிருந்து முதல் மடக்கில் மூக்கேறுவது தனி ஆய்வுக்குரியது. பெட்டிக்கடை சோடா பாட்டிலைத் திருப்பிக் கொடுத்த தலைமுறைக்கும், 2022இல் நீலகிரியில் தொடங்கிய பத்து ரூபாய் மதுபாட்டில் திட்டத்தை அறிந்தவர்க்கும் இது புதிதன்று. ஆனால் ‘குடித்தபின் நசுக்கி எறிக’ என்று அச்சிட்ட பாட்டிலில் ரயில் பயணந்தோறும் நீர் குடித்துப் பழகிய மாணவர், அக்கட்டளையை ஜெர்மனியிலும் நிறைவேற்றுவார். நசுங்கிய பாட்டிலின் கோட்டுக்குறியைப் படிக்க இயலாத இயந்திரம் அதைத் திருப்பித் துப்பும்; பின்னே வரிசையில் நிற்போர் பார்க்க, மாணவர் அதனுள் வாய்வைத்து ஊதி உருமீட்பார். யூரோவை ரூபாயில் பெருக்கும் பழக்கம் உச்சத்தில் இருக்கும் காலமாதலின், இருபது ரூபாய்க்கு மேற்பட்ட ஒரு பொருளுக்கு உயிர்கொடுக்கும் அம்மூச்சில் நாணத்துக்கு இடமில்லை.

இதற்கு மறுதலையான செயலும் ஒன்றுண்டு. நகர வீதிகளில் பாட்டில் சேகரித்து வாழ்க்கைச் செலவை ஈடுகட்டுவோர் உளர். அவருள் ஓய்வூதியம் போதாத முதியோரும் அடங்குவர். அவர்கள் தொட்டிக்குள் கைவிட்டுத் துழாவ நேராதபடி, வெறும் பாட்டிலைத் தொட்டிக்கு வெளியே அருகில் நிறுத்திவைத்தல் வழக்கம். பெருக்கல் கணக்கு மனத்தில் ஓடாமல் மாணவர் அவ்வாறு ஒரு பாட்டிலை வைத்துவிட்டு நடக்கும் மாலையே, இவ்வாராய்ச்சியின்படி, நிலைபேற்றின் தொடக்கம்.

ஃபாண்ட் இல்லாத பாட்டில்கள் தெருமுனைக் கலங்களில் வெள்ளை, பழுப்பு, பச்சை என நிறம் பிரித்துப் போடப்படும். நீலம் பச்சையில் அடங்கும். ஊறுகாய் பாட்டிலின் உட்கறை எந்நிறத்ததாயினும் கண்ணாடியின் நிறமே கொள்ளப்படும். உடையும் ஓசை அயலாரை வருத்துமாதலின் இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் போடலாகாது. ஞாயிறு அந்நாட்டில் அரசியலமைப்பின் காவலுடையது. 1919ஆம் ஆண்டு வைமர் அரசியலமைப்பின் 139ஆம் பிரிவை, இன்றைய அடிப்படைச் சட்டம் தன் 140ஆம் பிரிவின்வழி ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆதலால் சனிக்கிழமை இரவு நண்பர்கள் கூடிக் கலைந்த அறையில், கடையும் அதனுள்ளிருக்கும் இயந்திரமும் அடைத்திருக்க, பாட்டில்களும் மாணவரும் ஒருவரையொருவர் நோக்கியவாறு ஒரு பகல் முழுதும் சட்டப்படி அமர்ந்திருப்பர்.

ஷ்டுட்கார்ட் வட்டாரத்துக்கு இவற்றொடு கேர்வோஹ, அதாவது பெருக்கும் வாரம், மிகை. முறைவைத்து வாரமொருவர் மாடிப்படியைத் துடைக்கவேண்டிய இவ்வழக்கத்தின் வேரை, கழிவை வாரந்தோறும் அகற்றுமாறு பணித்த 1492ஆம் ஆண்டு நகர ஆணையில் காண்பர். கொலம்பஸ் இந்தியாவைத் தேடிப் புறப்பட்ட ஆண்டும் அதுவே. முறை வந்தவர் கதவில் அறிவிப்புப் பலகை தொங்கும். படி ஏற்கெனவே பளிங்குபோல் இருக்கிறது என்பது விடையாக ஏற்கப்படுவதில்லை.

நிலைபேற்றின் முற்றிய நிலை மாடிப்படிச் சுவரில் வெளிப்படும். குடியிருப்போர் தம் குறைகளை நேரில் கூறாமல், துண்டுச்சீட்டில் எழுதி ஒட்டுவது அங்குள்ள இலக்கிய வகைகளுள் ஒன்று. வந்த முதல் பருவத்தில் அச்சீட்டுகளைக் கைப்பேசியில் படம்பிடித்து மொழிபெயர்த்துத் தம்மைப் பற்றியதோ என அஞ்சிய மாணவர், மூன்றாம் அல்லது நான்காம் பருவத்தில் தாமே ஒன்று எழுதுவார். ‘அன்புள்ள அண்டை வீட்டாரே’ என விளித்து, தயிர்க்கோப்பையின் மூடியைப் பிரித்துப் போடுமாறு வேண்டி, ‘நட்பான வணக்கங்களுடன்’ என முடித்து, பெயர் எழுதாமல் ஒட்டுவார். வேண்டுகோளின் இறுதியில் வியப்புக்குறி ஒன்று இடுவதா மூன்று இடுவதா என்பதில் மட்டும் சுவர்தோறும் பாடபேதம் காணப்படுகிறது.