செகண்ட்ஸ் பனியனும் பழைய ஆம்பும்

கேள்வி: குறைந்த விலை பேஸ் கிட்டாரும் பழைய ஆம்பும் வாங்கலாமா? – வாசகர், திருப்பூர்

பதில்: காதர்பேட்டையில் பனியனைப் புரட்டித் தையல் பார்த்து வாங்கும் ஊருக்கு இந்தச் சந்தேகமா? மிச்சம் பிடிப்பதைக் கிட்டாரில் பிடியுங்கள். இன்று மலிவு விலைக் கிட்டாரின் கட்டையையும் இயந்திரமே துல்லியமாக வெட்டுகிறது. ஆம்பில் கஞ்சத்தனம் ஆகாது. பேஸின் தடித்த கம்பி நொடிக்குச் சுமார் 41 முறைதான் அதிரும், சாதாரண கிட்டாரில் பாதி. அந்தத் தாழ்ந்த ஒலிக்கு ஸ்பீக்கர் நிறையக் காற்றைத் தள்ளியாக வேண்டும். சின்னக் கிட்டார் ஆம்பில் சத்தத்தைக் கூட்டினால் ஸ்பீக்கரின் கோன் கிழியலாம். அதனால் பெரிய ஆம்பைப் பழசாகவே வாங்கலாம். பழசு ஏமாற்றாதா என்பீர்கள். புதுசின் குறையை அட்டைப்பெட்டி மறைக்கும். பழசு, குமிழைத் திருகினாலே கரகரவென்று உண்மையைச் சொல்லிவிடும். அந்தக் கரகரப்பு பெரும்பாலும் தூசிதான், ஆனால் விலை பேசும்போது அதைச் சொல்லாதீர்கள். பக்கத்தில் நிட்டிங் மெஷின் ஓடினால் அண்டை வீட்டுப் புகாரும் காதில் விழாது.