கொதிநிலைக் குறைவும் நண்பர் ஐவரும்: மணாலி–லே சாலையில் ஒரு கள ஆய்வு

தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்று பள்ளியில் படித்தது சென்னைக்குச் சரி. மேலே போகப் போக, ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் அது குறையும். 2,050 மீட்டர் உயர மணாலியில் 93. 3,500 மீட்டர் உயர லேயில் 88. 5,328 மீட்டரில் இருக்கும் தங்லங் லாவில் 82 சொச்சம். இது இயற்பியல், இதில் என் பங்கு ஒன்றுமில்லை. விடுதியில் நான்கு வருடம் ஒரே வாளியை மாற்றி மாற்றி வைத்துக் குளித்த நண்பர்களுக்கும் இவ்விதி பொருந்தும் என்பதே என் கருதுகோள்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டவர்கள் ஐவர், வண்டிகளும் ஐந்து. ஆய்வு நெறிப்படி பெயர்களை மறைத்து அ, ஆ, இ, ஈ என்று குறிக்கிறேன். ஐந்தாமவர் ஆய்வாளர். அவர் எந்தச் சண்டையையும் தொடங்கவில்லை. இதை அவரே உறுதி செய்திருக்கிறார்.

மணாலியில் நட்பு குறையின்றி இருந்தது. எல்லோர் சாப்பாட்டுக்கும் அ தானே பணம் கொடுத்தார். ரோஹ்தாங் உச்சிக்குப் போகாமல், 2020இல் திறந்த 9 கிலோமீட்டர் அடல் சுரங்கத்துக்குள் புகுந்து அந்தப் பக்கம் வெளியே வந்தோம். தாண்டியில் பெட்ரோல் பங்க். அடுத்த பங்க் 365 கிலோமீட்டரில் என்று அங்கே பலகை வைத்திருக்கிறார்கள். சென்னை மணலியில் பெட்ரோலியச் சுத்திகரிப்பு ஆலையே இருக்கிறது. இந்த மணாலிப் பக்கம் தாண்டியைத் தாண்டினால் ஒரு சொட்டுக்குத் திண்டாட்டம். நால்வர் ஐந்து லிட்டர் கேன் வாங்கினோம். "என் வண்டி மைலேஜ் உங்களுக்குத் தெரியாதுடா" என்றார் ஈ. இத்தரவு பின்னால் தேவைப்படும்.

'லா' என்றாலே திபெத்திய மொழியில் கணவாய்தான். எனவே 'பாரலாச்சா லா கணவாய்' என்று எழுதுவது 'நடுசென்டர்' என்பது போல. ஆய்வாளர்கள் தவிர்க்க.

முதல் கொதிப்பு பாரலாச்சாவுக்குக் கீழே பதிவானது. காரணம் ஒரு நாலா. சாலையைத் தன் வாய்க்கால் என்று நினைத்துக்கொண்டு பனியுருகிய தண்ணீர் குறுக்கே ஓடுவதுதான் நாலா. காலையில் கணுக்கால் நனையும். வெயில் ஏறப் பனி உருகி, மதியத்துக்கு மேல் முழங்காலைத் தொடும். ஆகவே 6 மணிக்கே கிளம்புவது என்று முந்தைய இரவு தீர்மானம். ஆ கழிவறையிலிருந்து வெளிவந்தபோது மணி 9.40.

இரண்டரை மணிக்கு நாலாவின் நடுவே, ஒரு கூழாங்கல்லில் முன்சக்கரம் ஏறி, இ-யின் வண்டி அணைந்தது. அவர் இடது காலை ஊன்றினார். ஷூவுக்குள் தண்ணீர் இறங்குவது அவர் முகத்தில் தெரிந்தது. நாங்கள் தள்ளிக் கரையேற்றினோம். ஒரு பாறையில் உட்கார்ந்து, ஒன்றும் பேசாமல் சாக்ஸைக் கழற்றி, துணி துவைப்பவரைப் போல் நிதானமாகப் பிழிந்தார். பிழிந்த தண்ணீர் ஆ-வின் காய்ந்த ஷூ மேல் விழுந்தது.

"ஆறு மணிக்குக் கிளம்பியிருந்தா இது கணுக்கால் தண்ணிடா."

"ஃபர்ஸ்ட் கியர்ல வந்திருந்தா இது தண்ணியே இல்லடா."

கொதிக்க எடுத்துக்கொண்ட நேரம் ஆறு நொடி. இதே இருவர் கடல் மட்டத்தில், கல்லூரித் தேர்தலில் எதிரெதிர் அணியில் நின்றபோதுகூடக் குரல் உயர்த்தியதில்லை.

என் கருதுகோளை மறுப்பவர்களும் உண்டு. தங்லங் லாவில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் பாதிதான். ஆக்சிஜன் குறைந்தால் தலைவலி, தூக்கமின்மை, எரிச்சல் எல்லாம் வருவது இயல்பு என்பார்கள் மருத்துவர்கள். இருக்கட்டும். அப்படியானால் எல்லோர் மேலும் அல்லவா எரிச்சல் வர வேண்டும்? ஆ-வின் மேல் மட்டும் வந்தது ஏன்?

இலக்கண நோக்கிலும் ஒரு சிக்கல். மலை குறிஞ்சி, அதன் உரிப்பொருள் புணர்தல். ஊடல் மருதத்துக்கு உரியது. ஆனால் இந்த உயரத்தில் நெல்வயல் இல்லை, ஊடல் மட்டும் உண்டு. மரமே இல்லாத மலை என்பதால் பாலை என்று கொள்ளலாமா என்றால், பிரிதலும் பொருந்துகிறது: கட்டா வளைவுகளில் ஈ-யை ஒரு மணி நேரம் காணவில்லை.

அந்த வளைவுகள் மொத்தம் 21. அங்கே தண்ணீர் பாட்டில்கள் குவிந்த ஒரு சிறு கோயில் உண்டு. பழுதாகி நின்ற லாரிக்குக் காவலாக விட்டுப்போன கிளீனர் தாகத்தில் செத்துப்போனான், போகிறவர்களிடம் இன்னும் தண்ணீர் கேட்கிறான் என்பது கதை. ஈ அங்கேதான் நின்றிருந்தார். பெயருக்கேற்ப ஒரு பாட்டில் ஈந்திருந்தார். பாட்டில் அ-வுடையது. பாங் என்ற இடத்துக் கூடாரங்கள் வரை அ தாகத்தோடும், அதைவிடக் கூடுதலான மௌனத்தோடும் ஓட்டினார்.

ஆய்வின் முக்கியமான கண்டுபிடிப்பு அந்தக் கூடாரத்தில் கிடைத்தது. சமையல்காரர் பருப்பைக் குக்கரில் போட்டிருந்தார். திறந்த பாத்திரத்தில் ஏன் வைக்கவில்லை என்றேன். சீக்கிரமே கொதித்துவிடும், ஆனால் வேகாது என்றார். சூடு ஏறாத கொதிப்பு. நாலா சண்டை, பாட்டில் சண்டை எல்லாம் அந்த ரகம்: தளதளவென்று கொதித்தன, ஒன்றும் வேகவில்லை. ஆனால் அன்றிரவு குளிருக்குக் கூடாரத்தின் வாயைக் கட்டிவிட்டு ஐவரும் நெருங்கிப் படுத்தபோது, தன் கல்யாணத்துக்கு அ வராததைப் பற்றி இ முதல்முறையாகக் கேட்டார். அ அப்போது வேலையிழந்திருந்ததும், மொய் எழுதக் கையில் காசில்லாமல் பேருந்து நிலையம் வரை வந்து திரும்பிப் போனதும் எங்களுக்கு அன்றுதான் தெரியும். வெளியே காற்று. இரண்டு மூன்று விசில் அடிக்கும் நேரம் யாரும் பேசவில்லை. பிறகு இ தன் காய்ந்த சாக்ஸில் ஒரு ஜோடியை அ-விடம் நீட்டினார். அதன் காரணத்தை ஆய்வாளர் கேட்கவில்லை.

தங்லங் லாவை மறுநாள் எட்டினோம். கடற்கரையில் ட்யூன் செய்த கார்புரேட்டர் காற்றுப் போதாமல் கரும்புகை கக்க, இரண்டாம் கியரில் ஊர்ந்தோம். நீலம், வெள்ளை, சிவப்பு, பச்சை, மஞ்சள் என ஐம்பூதங்களுக்கும் ஒவ்வொரு நிறத்தில் கொடிகள் படபடத்தன. பலகையின் கீழ் ஒரு லாரி ஓட்டுநர் எங்களைப் படம் எடுத்தார். ஈ கண்ணை மூடியிருந்தார். மறுபடி எடுக்கச் சொல்ல யாருக்கும் மூச்சில்லை.

சென்னை திரும்பி, 100 டிகிரியில் ஒரு டீக்கடையில் தரவுகளைச் சரிபார்த்தேன். 9.40 என்ற நேரத்தை ஆ அடியோடு மறுக்கிறார். பாங்கில் என் கேனிலிருந்து குழாய் வைத்து உறிஞ்சிய இரண்டு லிட்டர் பெட்ரோலை ஈ ஒப்புக்கொள்கிறார், காசு மட்டும் வரவில்லை. அடுத்து ஸ்பிதி என்கிறார்கள். வழியில் குன்சும் லா, 4,551 மீட்டர். கணக்குப்படி 85 டிகிரி. ஐந்து கேன் வாங்குவதாகத் தீர்மானம் ஆகியிருக்கிறது. குக்கர் என் பொறுப்பு.