ஊறப்போடும் மாமா

"ஏஞ்சாமி, மொத நாளு எட்டு மணி நேரம் ஊறப்போட்டியா?"

புது லேப்டாப் ரெண்டு மணி நேரத்தில் படுத்துவிடுகிறது என்று வீட்டுக்குள் முணுமுணுத்தால் போதும், மாமா வாசலில் வண்டியை ஸ்டாண்டு போட்டுவிட்டு இந்தக் கேள்வியோடு நுழைவார். கொமரலிங்கத்தில் எங்கள் தெருவுக்கு இவர். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார்.

"போட்டனுங் மாமா."

"ராத்திரியா, பகலா?"

"ராத்திரிங்."

"அதாம் பாரு. ராத்திரி கரண்டு வந்து வந்து போவும். எட்டு மணி நேரமும் ஒரே மூச்சா ஏறோணும்."

பகல் என்று சொன்னவர்களும் தப்பியதில்லை. பகலில் தோட்டத்து மோட்டாரெல்லாம் ஓடுமாம், வோல்டேஜ் இருக்காதாம். போடவே இல்லை என்று சொல்லிப் பாருங்கள், அவர் முகத்தில் அப்படியொரு நிம்மதி. நோய் பிடிபட்டுவிட்டது.

அந்த எட்டு மணி நேரம், முதல் நோக்கியா போன் வாங்கியபோது கடைக்காரர் காதில் ஓதிய மந்திரம். அப்புறம் பேட்டரியில் ஓடும் மருந்தடிக்கிற மிஷின் வாங்கினார். அதில் இருப்பது லெட் ஆசிட். புதிதில் முழுக்க ஏற்றுவது நியாயம்தான். அமராவதித் தண்ணீரில் விளைகிற நெல்லுக்கும் கரும்புக்கும் ஒத்துவந்தது லேப்டாப்புக்கு ஒத்துவராதா? 2011இல் அரசாங்கம் விலையில்லா மடிக்கணினி கொடுக்க ஆரம்பித்ததும், தெருவுக்கு வந்ததையெல்லாம் ஊறப்போட வைத்தார்.

ஊறினால் மட்டும் போதாது, வடியவும் வேண்டும். "சுத்தமா அணையற வரைக்கும் ஓட்டு, அப்பறம் ஏத்து." நிக்கல் காட்மியம் காலத்து வைத்தியம் அது. லேப்டாப்பில் இருப்பது லித்தியம் அயன். நிறைந்தால் சார்ஜ் ஏறுவது தானாக நின்றுவிடும். அடிக்கடி அடிமட்டம்வரை வடியவிட்டால் ஆயுள்தான் தேயும். லித்தியம் அயன் பேட்டரியை உருவாக்கியதற்காக குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூவருக்கும் 2019இல் வேதியியல் நோபல் கொடுத்தார்கள். மாமாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பார்க்க வேண்டியதே வேறு. 42 வாட்-ஹவர் பேட்டரியிலிருந்து மெஷின் 14 வாட் இழுத்தால் மூன்று மணி நேரம், 21 இழுத்தால் ரெண்டு. திரை வெளிச்சம் உச்சத்தில் இருக்கும், பிரவுசரில் ஏகப்பட்ட பக்கம் திறந்து கிடக்கும், புது மெஷின் பின்னால் சத்தமில்லாமல் அப்டேட் இறக்கிக்கொண்டிருக்கும். எந்த ஆப் எவ்வளவு தின்றது என்று செட்டிங்ஸில் பேட்டரிப் பக்கம் சொல்லிவிடும். இதெல்லாம் சரியாக இருந்தும் நிற்கவில்லையென்றால் விண்டோஸில் பேட்டரி ரிப்போர்ட் எடுக்கலாம். டிசைன் கெப்பாசிட்டி, ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி என்று ரெண்டு எண் வரும். புதியதில் ரெண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும்.

ஒருமுறை அப்படியொரு ரிப்போர்ட்டை மாமாவுக்குக் காட்டினேன். சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டி, விரல் வைத்து வரி வரியாகப் பார்த்தார். "இங்கிலீசெல்லாம் நல்லாத்தான் இருக்குது" என்றார்.

சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் என் தங்கச்சி திருப்பூரில் பனியன் கம்பெனி மெர்சண்டைசர், இந்தமுறை படுத்த லேப்டாப் அவளுடையது. வாங்கி ஏழு நாளுக்குள் கொண்டுவந்தால் மாற்றித் தருவோம் என்று பில்லின் பின்பக்கத்திலேயே அச்சடித்திருந்தது. மாமாதான், "புது மாடு கறவைக்குப் பழகோணுமில்ல, பத்து நாள் போவுட்டும்" என்று கையைப் பிடித்துத் தடுத்தார். ஊறி, வடிந்து, மறுபடி ஊறி முடித்தபின் ரிப்போர்ட் எடுத்தாள். ஃபுல் சார்ஜ் கெப்பாசிட்டி பாதிகூட இல்லை. பேட்டரி வரும்போதே பழுது. கடையில் இனி மாற்றமாட்டார்கள். சர்வீஸ் சென்டரில் பாகம் வரவேண்டும் என்கிறார்கள். ஷிப்மென்ட் நேரத்தில் பிள்ளை பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து போனால்தான் மெயில் பார்க்கிறாள்.

இதை அவர் முகத்துக்கு நேரே கேட்டுவிடுவது என்று வாயெடுத்தால், "வெயில்ல வந்திருக்கறாரு, பேசாம இரு" என்று அம்மா அவருக்கு மோர் கொண்டுவருகிறார்.