கொலு மலைக்கு ரயில் விடுதல்: சேர்வராயன் மலை நீராவி எஞ்சின் குறித்து ஓர் ஆய்வு

நவராத்திரிக் கொலுவைப் பற்றி எழுதியவர்கள் எல்லாரும் படிகளை எண்ணுவதோடு நின்றுவிட்டார்கள். மூன்றா, ஐந்தா, ஏழா, ஒன்பதா என்பதில் காட்டிய அக்கறையில் பத்தில் ஒரு பங்கைப் படிகளுக்குக் கீழே தரையில் காட்டியிருந்தால், தமிழ்நாட்டு ரயில் வரலாற்றுக்கான முக்கியச் சான்று ஒன்று இவ்வளவு காலம் கேட்பாரற்றுக் கிடந்திராது. தரையில் இருப்பது பூங்கா. மண்ணைப் பரப்பிக் கடுகோ கேழ்வரகோ தூவி முளைக்கவிட்ட புல்வெளி. மூலையில் அட்டைப் பெட்டிகளை அடுக்கிக் கசக்கிய காகிதம் போர்த்திய மலை. உச்சியில் ஒரு கோயில். அடிவாரத்தைச் சுற்றி வட்டத் தண்டவாளம். அதில் சாவி கொடுத்தால் ஓடும் ரயில். இந்த ரயில் மலையைச் சுற்றிச் சுற்றி வருமே தவிர ஒருநாளும் மலையேறாது. இடம் போதாததுதான் காரணம் என்பது பொதுவான கருத்து. இக்கட்டுரை அதை மறுக்கிறது. அந்த மலை ஏற்காட்டுச் சேர்வராயன் மலை. உச்சியில் இருப்பது சேர்வராயன் கோயில். அடியில் சுற்றுவது 1861-இல் சேலம் வந்து சேர்ந்து, இன்றுவரை மேலே போக வழியில்லாமல் நிற்கும் ரயில். ஆகவே வீட்டில் மாதிரி ரயில் அமைக்கும் தமிழர் எந்த நீராவி எஞ்சினைக் கட்டுவது, அதை எப்படி மாற்றியமைப்பது என்ற கேள்விக்கு விடை ஊட்டியில் இல்லை, ஏற்காட்டில்தான் இருக்கிறது.

மற்ற மலைகள் உரிமை கொண்டாட வாய்ப்புண்டு என்பதால் முதலில் அவற்றைக் கழித்துவிடலாம். பழநி என்பார்கள், பழநியில் விஞ்ச் பெட்டிகள் தண்டவாளத்தின்மேல் ஏறிக்கொண்டிருக்கின்றன, எனவே ‘ஏறாத ரயில்’ என்ற அடிப்படை நிபந்தனையில் அது தோற்கிறது. திருத்தணி மலையடியில் ரயில் நிலையம் உண்டு, உண்மைதான். ஆனால் 365 படிகளில் முடிகிற மலைக்கு எஞ்சின் கேட்பது சோம்பேறித்தனம். திருச்சி மலைக்கோட்டையின் உயரம் 83 மீட்டர். அதற்கும் இதே பதில். திருமலை வலுவான போட்டியாளர். ஆனால் அங்கே மலைகள் ஏழு. கொலுவில் ஒரு மலைக்கே சோபாவை நகர்த்த வேண்டியிருக்கிறது. எஞ்சுவது உதகை. மேட்டுப்பாளையத்திலிருந்து 1899-இல் குன்னூருக்கும் 1908-இல் உதகைக்கும் ரயில் போய்விட்டது என்பதே அதன் தகுதியின்மை. 46 கிலோமீட்டர், 208 வளைவுகள், 16 சுரங்கங்கள், 250 பாலங்கள் என்று எல்லாம் எண்ணிப் பதிவாகி, 2005-இல் யுனெஸ்கோ முத்திரையும் பெற்றுவிட்ட பாதையை வீட்டில் செய்தால் என்ன நடக்கும்? விருந்துக்கு வந்த உறவினர் காப்பியை வைத்துவிட்டுப் பாலங்களை எண்ணத் தொடங்குவார். பன்னிரண்டுதான் இருக்கும். மீதியைக் கேட்பார். ஏற்காட்டுப் பாதையில் எத்தனை பாலம் என்று உலகில் எவராலும் கேட்க முடியாது.

கழித்தலால் மட்டும் ஒரு மலை வென்றதாகாது, நேர்ச்சான்றும் உண்டு. சேலத்துக்கு அருகே மலையடிவாரத்தில் ‘மாக்னசைட் ஜங்ஷன்’ என்றே ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. ரயில் மலையின் காலைத் தொட்டுவிட்டது; தோளுக்குத்தான் போகவில்லை. ஏன் போகவில்லை என்பதற்கு நிலவியல் காரணம் தேடுவது வீண்வேலை. உதகை சென்னை மாகாணத்தின் கோடைத் தலைநகர். கோப்புகளும் குமாஸ்தாக்களும் ஆண்டுதோறும் மலையேறியாக வேண்டியிருந்தது. ஏற்காட்டுக்கு 1820-களில் கலெக்டர் காக்பர்ன் கொண்டுவந்தது காப்பிச் செடி. காப்பி கீழே இறங்கும் சரக்கு, ஏறும் சரக்கல்ல. இறங்குவதற்கு எஞ்சின் எதற்கு என்று அன்று யாரோ கணக்குப் பார்த்திருக்க வேண்டும். விளைவு, இருபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட சாலை மட்டுமே. கேஜ் குறித்த ஐயமும் எழாது. சேலத்திலிருந்து விருத்தாசலம் போகும் பாதை அகலப்பாதையாக மாறும்வரை மீட்டர் கேஜாகத்தான் இருந்தது. எனவே மீட்டர் கேஜ் மலை எஞ்சின் ஒன்று திருச்சி பொன்மலைப் பணிமனையிலிருந்து விருத்தாசலம் வழியாகச் சேலம் வந்து சேர்வதில் வரலாற்று முரண் துளியும் இல்லை. சுரங்கத்துக்கும் முன்மாதிரி தயாராக இருக்கிறது. சேர்வராயன் கோயில் ஒரு குகைக் கோயில். சேர்வராயனோடு காவிரியம்மனும் குடியிருக்கும் அந்தக் குகை காவிரியாற்றோடு இணைந்திருப்பதாக மலைமக்கள் நம்புகிறார்கள். வீட்டு ரயில் அமைப்பில் சுரங்கம் இன்றியமையாதது, ஏனென்றால் ரயில் திரும்பும் வளையத்தை எங்காவது மறைத்தாக வேண்டும். மற்ற ஊர்க்காரர்கள் இல்லாத சுரங்கத்தைக் கற்பனை செய்கிறார்கள். நமக்கு நம்பிக்கையே தோண்டிக் கொடுத்திருக்கிறது.

இனி எஞ்சின். நீலகிரியில் ஓடும் எக்ஸ் வகை எஞ்சினே இதற்கு மூதாதை. ஸ்விட்சர்லாந்தின் வின்டர்தூர் நகரில் 1914 முதல் செய்யப்பட்டது. பின்னாளில் பொன்மலையிலேயே புதிதாகவும் செய்தார்கள். இதற்கு நான்கு சிலிண்டர்கள். கீழ்ச் சிலிண்டர்கள் சக்கரங்களை ஓட்டும். மேல் சிலிண்டர்கள் தண்டவாளங்களுக்கு நடுவே உள்ள பற்சட்டத்தைக் கவ்வும் பற்சக்கரங்களை ஓட்டும். சமதளத்தில் கீழ் ஜோடி மட்டும் வேலை செய்ய, மேல் ஜோடி சும்மா இருக்கும்; ஏற்றம் வந்ததும் கீழ் ஜோடி பயன்படுத்திய நீராவியை மேல் ஜோடி வாங்கிக்கொண்டு உழைக்கும். இதை 87-இல் ஒரு பங்காகச் சிறிதாக்கும் அளவில், அதாவது எச்ஓ அளவில் செய்வது நல்லது. அதற்கு எண்ணிக்கை வழியில் ஒரு நியாயம் உண்டு. கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 16.5 மில்லிமீட்டர் எச்ஓ தண்டவாளத்தை 87-ஆல் பெருக்கினால் 1,435 மில்லிமீட்டர் வரும். இந்திய அகலப்பாதை 1,676. ஆக, நம் அகலப்பாதை எஞ்சினை அதில் ஓடவிடுகிறவர் 24 சென்டிமீட்டர் பிழையின்மேல் ஓட்டுகிறார். மலைப்பாதைகளுக்கான 12 மில்லிமீட்டர் தண்டவாளமோ 1,044-ஐத் தருகிறது. மீட்டர் கேஜிலிருந்து வேறுபாடு நான்கரை சென்டிமீட்டருக்கும் குறைவு. ஸ்விஸ் மலை ரயில்களை இதே அளவில் பற்சட்டத்தோடு பெமோ என்ற ஜெர்மன் நிறுவனம் செய்து விற்கிறது. அந்த எஞ்சின்களில் சில வின்டர்தூரில் பிறந்தவை, எக்ஸ் வகைக்குப் பங்காளி முறை. பங்காளியின் அடிச்சட்டத்தை வாங்கி, ஓர் அச்சைக் கூட்டி, பித்தளைத் தகட்டில் நீர்த்தொட்டிகளை வெட்டிப் பற்றவைத்து, மேலே இரண்டு சிலிண்டர்களை ஏற்றினால் உறவு நெருங்கிவிடும். மேல் ஜோடியின் தண்டுகள் ஆடாமல் ஒட்டிவைக்கப்பட்டிருந்தாலும் தவறில்லை. சமதளத்தில் நிஜமும் அப்படித்தான் நிற்கிறது.

எஞ்சினின் எடையில்தான் முதல் தடங்கல் வருகிறது. நீளத்தை 87-ஆல் வகுக்கும்போது எடை 87-இன் முப்படியால், அதாவது ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட எண்ணால் வகுபடுகிறது. ஐம்பது டன்னை ஒட்டிய எஞ்சின் 75 கிராமுக்கு இறங்கி, நாட்டு மருந்துக் கடையில் இரண்டு பலம் சுக்கு வாங்கியதுபோல் ஆகிவிடுகிறது. இரண்டு பலச் சுக்கு பெட்டிகளை மலைமேல் தள்ளாது. அதனால்தான் மாதிரி செய்பவர்கள் பாய்லருக்குள் ஈயத்தை அடைக்கிறார்கள். நிஜ எஞ்சினில் நெருப்பும் நீரும் இருக்குமிடத்தில் இங்கே மோட்டாரும் ஈயமும். தள்ளாது என்று சொன்னது கவனத்துக்குரியது. நீலகிரியில் எஞ்சின் ரயிலின் கீழ்முனையில் நின்று பெட்டிகளை மேலே தள்ளுகிறது; இணைப்பு அறுந்தாலும் பெட்டிகள் உருண்டோடாது. சிறு ரயிலில் இதுவே தொல்லை: வளைவில் தள்ளப்படும் லேசான பெட்டி தண்டவாளத்தைவிட்டு இறங்கிவிடும். பெட்டிகளிலும் கொஞ்சம் எடை கட்டுவதே வழி. காப்பி மூட்டைகளை அரிசிமணி அளவில் செய்து அடுக்கலாம் என்று ஒரு யோசனை உண்டு. நவராத்திரி ஒன்பது நாளும் எறும்பு வராது என்று உறுதி தருபவர் அதைச் செய்யட்டும்.

அடுத்தது உயரம். இங்கே சான்று தன்போக்கில் ஓர் அதிசயத்தை நிகழ்த்துகிறது. சேலம் ஜங்ஷன் கடல் மட்டத்துக்குச் சுமார் 280 மீட்டர் மேலே இருக்கிறது. சேர்வராயன் கோயிலின் உயரம் 5,326 அடி, அதாவது 1,620 மீட்டருக்குச் சற்று அதிகம். வேறுபாடான 1,340 மீட்டரை 87-ஆல் வகுத்தால் 15.4 மீட்டர், ஐந்து மாடிக் கட்டடம். மலையை நேர்மையாகக் கட்ட விரும்புகிறவர் முதலில் மேல்வீட்டுக்காரர்களிடம் பேச வேண்டும். தண்டவாள வளைவுக்கு 36 சென்டிமீட்டர் ஆரம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றுக்கு இரண்டே கால் மீட்டர். பதினாறுக்கு ஒன்று என்ற ஏற்றத்தில் தண்டவாளத்தைச் சுருள்போல் ஏற்றினால், ஒவ்வொரு சுற்றிலும் 14 சென்டிமீட்டர் உயரம் கிடைக்கும், மேல் சுற்றில் எஞ்சின் புகைபோக்கி இடிக்காது, கோயிலை அடையும்போது ரயில் 108 சுற்று வந்து கொஞ்சம் கொசுறும் போயிருக்கும். இந்த எண் தானாக வந்தது என்பதை நம்ப மறுப்பவர் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். பதினாறுக்குப் பதில் பன்னிரண்டுக்கு ஒன்று என்று வைத்தால் 82 வரும் என்பதையும், அதற்கு யாரும் மரியாதை தரமாட்டார்கள் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுவது ஆய்வு நெறி. நீலகிரிப் பற்சட்டப் பாதையின் வேகம் மணிக்குச் சுமார் 13 கிலோமீட்டர். அதையும் 87-ஆல் வகுத்தால் நம் ரயில் விநாடிக்கு நான்கு சென்டிமீட்டர் நகர்ந்து, ஒரு மணி நாற்பது நிமிடத்தில் கோயில் சேரும். சேலம் பஸ் அதற்குள் ஏற்காடு போய், ஏரிக்கரையில் ஆட்களை இறக்கிவிட்டு, கீழே பாதி வழி வந்திருக்கும். பஸ்ஸுக்கு அளவுக் குறைப்பு செய்யவில்லை என்பது இங்கே பொருட்படுத்தத்தக்கதல்ல. ஐந்து மாடி இல்லாதவர்கள் சுற்றுகளை ஆறாகச் சுருக்கி மீதி 102-ஐச் சுரங்கத்துக்குள் நடந்ததாகக் கொள்ளலாம். உலகெங்கும் மாதிரி ரயில்காரர்கள் செய்வது இதைத்தான்; குகை நம்பிக்கை நமக்குக் கூடுதல் துணை.

எஞ்சினுக்கு அழுக்குப் பூசுவதில்தான் இத்துறையின் முழு அறிவும் இருக்கிறது. புதிதாகப் பளபளக்கும் எஞ்சின் பொம்மை. புகையும் துருவும் தூசியும் ஏறியதே மாதிரி. நீலகிரி எஞ்சினுக்குக் கரியும் எண்ணெய்க்கறையும் போதும். சேர்வராயன் எஞ்சினுக்கு வேறெந்த மலையிலும் கிட்டாத ஒரு வாய்ப்பு உண்டு: அடிவாரத்தில் மாக்னசைட் என்னும் வெள்ளைக்கல் சுரங்கம், மேலே பாக்சைட் செம்மண். மேட்டூர் அலுமினிய ஆலைக்குக் கல் வெட்டிக் கொடுத்த மலை இது. ஆக, எஞ்சினில் இரண்டு தூசிகள் படிய வேண்டும். எதன்மேல் எது? வெள்ளையின்மேல் சிவப்பு என்பதே எம் முடிபு. எஞ்சின் கொட்டகை கீழே இருக்கும். காலையில் புறப்படும்போது வெள்ளைத்தூள், உச்சி சேரும்போது அதன்மேல் செம்புழுதி. மாலையில் இறங்கி வரும்போது மீண்டும் வெள்ளை படியுமே என்று ஒருவர் கேட்கக்கூடும். கேட்பவர் கொட்டகையில் எஞ்சினைக் கழுவுவார்கள் என்பதை மறந்துவிட்டார். கழுவாத ரயில்வே ஒன்றை அவர் காட்டுவாரானால், எஞ்சினுக்கு மூன்றாவது பூச்சு கொடுக்கத் தடையில்லை. வண்ணப்பொடிக்குக் கடை தேட வேண்டாம்: கோலமாவும் செங்காவியும் கொலு வீட்டிலேயே இருக்கின்றன. உச்சியில் மஞ்சள் பலகை நட்டு, ‘சேர்வராயன் கோயில்’ என்று எழுதி, கீழே கடல் மட்ட உயரத்தையும் போட வேண்டும். எழுத்து மூன்று மில்லிமீட்டர்தான் வரும். எந்த மொழி மேலே என்ற தகராறு மட்டும் அளவுக்கேற்பச் சிறிதாகாது.

எதிர்வாதங்கள் இரண்டு பேசத்தக்கவை. நீராவியே இல்லாதது எப்படி நீராவி எஞ்சின் என்பது ஒன்று. எஞ்சினைச் சிறிதாக்கலாம், நீராவியைச் சிறிதாக்க முடியாது. அதன் மூலக்கூறு 87-ஆல் வகுபட மறுக்கிறது. மெய்யான நீராவியில் ஓடும் மாதிரிகள் 45 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் உண்டு. 2003-இல் ஹார்ன்பி நிறுவனம் 16.5 மில்லிமீட்டரிலேயே மின்சாரத்தால் நீரைக் கொதிக்கவைத்து ஓட்டிக் காட்டியதும் உண்மை. ஆனாலும் வீட்டுக்குப் புகையெண்ணெய்தான் ஏற்றது. அதற்கு மாற்றாகக் கம்ப்யூட்டர் சாம்பிராணியை எஞ்சினுக்குள் பொருத்தும் எண்ணத்தை இங்கே திட்டவட்டமாகக் கண்டிக்கிறோம், பிளாஸ்டிக் உருகும். சுரங்க வாயிலுக்குப் பின்னால் வைத்தால் ரயில் புகையோடு வெளிவரும், பூஜைக்கும் ஆகும். இரண்டாவது வாதம் கனமானது: ஓடாத ரயிலுக்கு ஏது மாதிரி? நகல் என்றால் மூலம் வேண்டாமா? இதைக் கேட்பவர் அதே கொலுவின் நடுப்படியைப் பார்க்கட்டும். தசாவதார செட்டில் பத்தாவது பொம்மை கல்கி. குதிரை வெள்ளை, கையில் வாள், எல்லாம் தெளிவாக இருக்கிறது. அவர் இன்னும் வரவேயில்லை. வராத அவதாரத்துக்கு ஒரு பொம்மை இருக்கலாம் என்றால், வராத ரயிலுக்கு ஓர் எஞ்சின் இருப்பதைத் தடுக்கும் சாத்திரம் எது?

செலவு அதிகம் என்ற வாதத்துக்கு எம்மிடம் பதில் இல்லை, அது உண்மை. செய்து முடித்தும் எஞ்சின் ஏறாமல் நடுவழியில் நின்றுவிட்டால் என்ன செய்வது என்பதற்கு மட்டும் பதில் உண்டு. சேர்வராயன் மலையில் காட்டெருமைகள் இருக்கின்றன. இரண்டு சென்டிமீட்டர் உயரத்தில் களிமண்ணால் ஒன்று செய்து கறுப்புப் பூசி, கால்களுக்கு மட்டும் வெள்ளைக் காலுறை தீட்டி, எஞ்சின் வழக்கமாக எங்கே நிற்கிறதோ அதற்கு நாலு விரற்கடை முன்னால் தண்டவாளத்தின் நடுவே ஒட்டிவிடுங்கள். அதன்பிறகு ரயில் ஏன் நிற்கிறது என்று யாரும் உங்களைக் கேட்கமாட்டார்கள்.