நூற்றுப்பத்து நிமிட விமர்சகர்

மும்பைத் தமிழர்களில் ஒரு ரகம் உண்டு. செம்பூரில் வீடு, அந்தேரியில் வேலை, சனிக்கிழமை ராத்திரி மாயாஜால உலகத்தில் வாள்வீச்சு. வயது முப்பதைத் தாண்டியிருக்கும். நூறு வீடியோ கேம்களின் தொடக்கம் அத்துப்படி, ஒன்றைத் தவிர எதன் முடிவும் தெரியாது. நண்பர்கள் கூடி ஆடும் 'கோ-ஆப்' ஆட்டம் எது வந்தாலும் வாங்கலாமா வேண்டாமா என்று தீர்ப்புச் சொல்வது இவர் பொறுப்பு. அந்தப் பொறுப்பை இவருக்கு யாரும் கொடுக்கவில்லை.

தீர்ப்புக்கு இவர் எடுத்துக்கொள்வது நூற்றுப்பத்து நிமிடம். அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. கம்ப்யூட்டர் ஆட்டங்களை விற்கும் ஸ்டீம் கடை 2015 ஜூனில் ஒரு விதி கொண்டுவந்தது. வாங்கிப் பதினாலு நாள் ஆகாமல், ஆடியதும் இரண்டு மணி நேரத்துக்கு உட்பட்டிருந்தால், காரணம் எதுவானாலும் பணம் வாபஸ். அதே வருஷம் நவம்பரில் அந்தக் கடையில் விலை ரூபாயிலும் வந்தது. இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் இந்த ரகம் பிறந்தது. குர்லாவில் இறங்க வேண்டியவர் சயானிலேயே வாசலுக்கு வந்து நிற்பதுபோல, நூற்றிருபதுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே இவர் ஆட்டத்தை விட்டு இறங்கிவிடுவார்.

விதியின் சந்துபொந்தெல்லாம் இவருக்குப் பாடம். வாங்கிய ஆட்டம் மறுவாரமே தள்ளுபடிக்கு வந்தால், திருப்பிக் கொடுத்துவிட்டுக் குறைந்த விலைக்கு வாங்கலாம். கடைக்காரரே அதைத் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. வெளியீட்டுக்கு முன்பே ஆட விடும் சலுகையில் ஆடிய நேரம் ஒரு காலத்தில் கணக்கில் சேராமல் இருந்தது. 2024 ஏப்ரலில் அந்தச் சந்தையும் அடைத்துவிட்டார்கள். அன்றைக்கு இவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

பணம் வாபஸ் என்ற பேச்சே இல்லாத கோ-ஆப் காலமும் ஒன்று இருந்தது. 1985-இல் அட்டாரி கம்பெனி 'காண்ட்லெட்' என்றொரு இயந்திரத்தை விட்டது. வீரன், வீராங்கனை, மந்திரவாதி, வனதேவன் என்று நாலு பேர் ஒரே பெட்டியைச் சுற்றி நின்று பாதாள அறைகளில் பேய்களோடு சண்டை போடுவார்கள். சும்மா நின்றாலும் விநாடிக்கு விநாடி உயிர்ச்சக்தி குறையும்; மேலும் காசு போட்டால் ஏறும். வழியில் கிடக்கும் சாப்பாட்டைக் கூட்டாளி தவறிச் சுட்டால் சாப்பாடும் போச்சு. அதில் ஏது ரீஃபண்ட்? நம்மவர் அந்தக் காலத்தில் இருந்திருந்தால் பட்டினியால் செத்திருப்பார்.

இவர் பெருமையின் சிகரம் 'பால்டர்ஸ் கேட் 3'. 2023 ஆகஸ்ட் 3-ஆம் தேதி வந்தது. நாலு பேர் வரை ஆடலாம். 150 ஜிபி இடம் கேட்கும். லாமிங்டன் ரோட்டில் பேரம் பேசிப் புது எஸ்எஸ்டி வாங்கினார். ஆட்டத்தைத் திருப்பிக் கொடுக்கிறவர் எஸ்எஸ்டியை என்ன செய்வார் என்று யாரும் கேட்கவில்லை. கூட்டத்தில் செம்பூர்க்காரர்கள் இரண்டு பேர், மாட்டுங்காக்காரர் ஒருவர், தாராவி தொண்ணூறடி ரோட்டுக்காரர் ஒருவர். ஆட்டத்தில் நுழையும் முன் ஒவ்வொருவரும் தன் கதாபாத்திரத்தைப் படைக்க வேண்டும். பதினோரு இனம், பன்னிரண்டு தொழில், அதற்கு மேல் தலைமயிர், தாடி, தழும்பு. கடிகாரமோ ஓடிக்கொண்டே இருக்கும்.

"டேய், மூக்கு போதும்டா. அரைமணி ஆச்சு!"

"கத்தாதே. நூறு மணி நேரம் இந்த மூஞ்சியோடதானே திரியணும்?"

"திரிய மாட்டோம்டா. பத்தரைக்கு ரீஃபண்ட்!"

மிச்சமிருந்த நேரத்தில் பறக்கும் கப்பலைப் பார்த்தார்கள். கப்பல் விழுந்தது, கடற்கரை வந்தது, நூற்றுப்பத்தாவது நிமிடமும் வந்தது. "கப்பல் பரவாயில்லை. கதை இழுவை" என்று தீர்ப்பானது. அந்த வருஷக் கடைசியில் 'தி கேம் அவார்ட்ஸ்' விழாவில் ஆண்டின் சிறந்த ஆட்டம் என்ற விருது அதற்கே போனது. நம்மவர் அசரவில்லை. "விருது கொடுத்தவன் முழுசா ஆடியிருப்பான்" என்றார், ஏதோ குற்றம்போல.

அந்தக் கடற்கரையில்தான் ஆட்டத்தின் சுவாரஸ்யமே தொடங்கியது. வழியில் தென்படும் ஆளிடம் யார் முதலில் போய் நிற்கிறாரோ அவர்தான் கூட்டத்தின் சார்பில் பேசுவார், மற்றவர்கள் கேட்டுக்கொண்டிருக்கலாம். தாராவிக்காரர் எப்போதும் முன்னால் ஓடுவார், ஓடி யாரைப் பார்த்தாலும் மிரட்டுவார். மிரட்டல் பலிக்குமா என்பதை இருபது முகப் பகடை முடிவு செய்யும். "ஏல, நான் என்ன செய்ய? பகடை ஒண்ணுல விழுந்துட்டு." இதற்கு மாட்டுங்காக்காரர் கத்திய கத்தலும் செம்பூர்க்காரர் சிரித்த சிரிப்பும்தான் கோ-ஆப். நம்மவர் தீர்ப்பு எழுதும் எக்ஸெல் தாளில் பிரேம் ரேட்டுக்கு ஒரு கட்டம், பிங்குக்கு ஒரு கட்டம், மெனுவின் எழுத்தளவுக்குக்கூட ஒரு கட்டம் இருக்கிறது. கத்தலுக்கும் சிரிப்புக்கும் கட்டம் இல்லை.

'வால்ஹெய்ம்' கதை வேறு. 2021 பிப்ரவரியில் வந்தது, ஸ்வீடனில் ஐந்தே பேர் சேர்ந்து உருவாக்கியது. ஏறக்குறைய ஒரு ஜிபிதான். ஒரு மாதம் போல் ஆனபோது ஐம்பது லட்சம் பிரதி விற்றிருந்தது. பத்துப் பேர் வரை சேர்ந்து மரம் வெட்டலாம், வீடு கட்டலாம், படகில் போய் அரக்கர்களை அடிக்கலாம். தனி சர்வர் வைக்காவிட்டால் அந்த உலகம் முழுவதும் ஒருவர் கம்ப்யூட்டரில்தான் இருக்கும். இவர்கள் உலகம் மாட்டுங்காவில் இருந்தது. நடுக்கடலில் படகு போகும்போது மாட்டுங்கா அம்மா அறைக்குள் வந்தார். "எடா, மணி பன்னெண்டாச்சு! கார்த்தால கோவிலுக்குப் போகணும்னு சொன்னேனோல்லியோ?" சுவிட்ச் அணைந்தது, கடல், படகு, அரக்கர் எல்லாம் அணைந்தன. 'சர்வர் நிலையாக இல்லை' என்று நம்மவர் தாளில் குறித்துக்கொண்டார்.

இவரை உண்மையில் திணறடித்தது இலவச ஆட்டம். 2020 செப்டம்பரில் வந்த 'கென்ஷின் இம்பாக்ட்' போனிலும் ஓடும், கம்ப்யூட்டரிலும் ஓடும். போன்காரரும் கம்ப்யூட்டர்காரரும் ஒன்றாக ஆடலாம். தாராவிக்காரர் லோக்கலில் தொங்கிக்கொண்டே ஆடுகிறவர். ஆனால் பதினாறாவது நிலையை எட்டினால்தான் கூட்டாக ஆட விடுவார்கள். அதற்கு நூற்றுப்பத்து நிமிடம் எந்த மூலைக்கு? திருப்பிக் கேட்கப் பணமும் இல்லை. இருந்தும் வீம்புக்கு எட்டினார். தாராவிக்காரரின் உலகத்துக்கு விருந்தாளியாகப் போனார். அங்கே புதையல் பெட்டியைத் திறக்கும் உரிமை வீட்டுக்காரருக்கு மட்டுமே.

"அடி வாங்கினது நான், பெட்டி உனக்கா?"

"மக்கா, விருந்தாளிக்குச் சாப்பாடு உண்டு. பீரோ சாவி கிடையாது."

பிறகு 'இட் டேக்ஸ் டூ'. 2021 மார்ச்சில் வந்தது, அந்த வருஷத்துச் சிறந்த ஆட்டம் விருதும் வாங்கியது. விவாகரத்துக்குத் தயாராகும் ஒரு தம்பதி பொம்மைகளாக மாறி, ஒரு வாயாடிப் புத்தகத்திடம் மாட்டிக்கொள்ளும் கதை. தனியாக ஆடவே முடியாது. சரியாக இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வாங்கினால் போதும், இன்னொருவருக்கு இலவசம். அதனாலேயே நாலு பேரும் மற்றவர் வாங்கட்டும் என்று மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். கடைசியில் நம்மவரே வாங்கினார், வேறு வழியில்லாமல் மனைவியை உட்கார வைத்தார்.

அந்த ஆட்டத்தில் கணவன் ஆணியை எறிந்து பதித்தால்தான் மனைவி சுத்தியலால் அதைப் பற்றித் தொங்கித் தாண்டலாம். "வீட்டுல காலண்டர் மாட்ட ஒரு ஆணி அடிங்கன்னு ஆறு மாசமா சொல்றேன். இங்கேயாவது அடிங்க." நூற்றுப்பத்தாவது நிமிடம் வந்தது. இவர் எழுந்தார். "உக்காருங்க. இந்தப் புஸ்தகம் வாயை மூடற வரைக்கும் நான் எழுந்திருக்க மாட்டேன்." ரீஃபண்ட் போனது. வாழ்நாளில் இவர் முடிவு வரை பார்த்த ஒரே ஆட்டம் அது. தாளில் அதற்கு மதிப்பெண் இன்னும் போடவில்லை. மனைவி கேட்டால் 'யோசிக்கிறேன்' என்கிறார்.

திருந்தினாரா? 2025 மே கடைசியில் 'எல்டன் ரிங் நைட்ரெயின்' வந்தபோதும் முதலில் வாங்கியவர் இவர்தான். அதில் ஒரு அணிக்கு மூன்று பேர் வரைதான். நாலு பேரில் யாரை விடுவது என்ற விவாதம் நூற்றுப்பத்து நிமிடத்தைத் தாண்டிப் போனது, நல்ல வேளையாக ஆட்டத்தைத் தொடங்கும் முன்பே.

உங்கள் கூட்டத்திலும் இப்படி ஒருவர் இருந்து, பங்குப் பணம் கேட்டு யுபிஐ ஐடி அனுப்பினால் கொஞ்சம் பொறுங்கள். ரீஃபண்டை ஸ்டீம் வாலெட்டில் வாங்கிக்கொள்ள வழி உண்டு. அந்த வாலெட்டுக்குள் போன பணம் ரொக்கமாகத் திரும்பி வராது. வாலெட்டும் அவருடையது.